ஒரு கோட்டுக்குள் இரண்டு கோட்டு

குளிருக்குப் போடும் நல்ல கோட்டு ஒன்று கைவசம் இருந்தால் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தையல் விளிம்பு எதுவும் கண்ணில் படாது. வழவழப்பான ஒரு துணி கழுத்துக்குக் கீழே தொடங்கி, கைகளுக்குள்ளும் போய், கீழ் விளிம்புக்குச் சற்று மேலே நின்றிருக்கும். அதுதான் லைனிங். அதன் நடுமுதுகில் விரலை வைத்துத் தடவினால் மேலிருந்து ஒரு மடிப்பு இறங்குவது தெரியும். கீழ் விளிம்பில் அந்தத் துணி இறுக்கமாக நிற்காமல் ஒரு சின்ன மடிப்பாகத் தொய்ந்திருக்கும். அக்குள் பக்கம் கையை விட்டால் அங்கேயும் துணி கொஞ்சம் தாராளமாகவே இருக்கும்.

இந்தத் தொய்வு எல்லாம் கணக்குப் போட்டு வைத்தது. கோட்டு தைக்க நினைக்கும் புதியவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்: லைனிங் வைத்த கோட்டு என்றால் நீங்கள் தைக்கப்போவது இரண்டு கோட்டு. வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. உள்ளே இருப்பது வெளியே இருப்பதன் நகல் அல்ல. அகலத்தில் கொஞ்சம் பெரியது, நீளத்தில் கொஞ்சம் குட்டை. இது மனதில் பதிந்துவிட்டால், துணி எவ்வளவு வாங்குவது, எதை முதலில் வெட்டுவது, ஏன் இத்தனை முன்வேலை என்கிற கேள்விகளுக்கெல்லாம் தானாகவே விடை வரத் தொடங்கும்.

என் முதல் கோட்டில் லைனிங்கை மேல் துணியின் அளவுக்கே வெட்டினேன். தைத்து முடித்த அன்று பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு குளிர்காலம் தாண்டவில்லை. அக்குளில் தையல் விட்டுப்போனது, முன்பக்கக் கீழ் விளிம்பு உள்பக்கமாக இழுத்துச் சுருண்டது. என்ன நடந்தது என்று பிரித்துப் பார்த்தபோதுதான் லைனிங்கின் வேலை எனக்குப் புரிந்தது.

உள்கோட்டு ஏன் பெரிதாக இருக்க வேண்டும்

கையை முன்னால் நீட்டுங்கள். முதுகு அகலமாவது தெரிகிறதா? கம்பளித் துணி அந்த நேரத்தில் சற்று நெகிழ்ந்து கொடுக்கும். லைனிங் துணி மெல்லியது, நெருக்கமாக நெய்தது, நெகிழாது. அதனால் நடுமுதுகில் முன்கூட்டியே துணி விட்டு வைக்கிறோம். லைனிங்கின் பின்பக்கத்துக்கான பேட்டர்ன் தாளை (துணி வெட்டுவதற்காக அளவு வரைந்த காகிதம்) மடித்த துணியின் ஓரத்தில் ஒட்டி வைக்காமல் 2 முதல் 2.5 செ.மீ. தள்ளி வைத்து வெட்டினால், விரித்தபின் மொத்தம் 4 முதல் 5 செ.மீ. கூடுதலாகக் கிடைக்கும். அதை மடிப்பாக மடித்து மேலே கழுத்தருகிலும் இடுப்பிலும் மட்டும் பிடித்துத் தைத்தால் நடுவில் அது தாராளமாக விரிந்து மூடும்.

அக்குள் கொஞ்சம் நுணுக்கமான இடம். கோட்டின் கையை உடலோடு இணைக்கும் தையலில், அக்குளுக்கு அடியில் தையலுக்கு விட்ட துணி மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். லைனிங் அந்த நிமிர்ந்த விளிம்பின் மேலே ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். ஒரு சுவரைத் தாண்டுகிற கயிறு மாதிரி. சுவர் உயரத்துக்குக் கயிறு கூடுதலாக வேண்டுமல்லவா? அதற்காக லைனிங்கில் ஆர்ம்ஹோலின், அதாவது கை வந்து சேரும் திறப்பின், அடிப்பகுதியை 1 முதல் 1.5 செ.மீ. வரை உயர்த்தி வரைவார்கள். உடல் பகுதியிலும் கைப் பகுதியிலும் அதே அளவு உயர்த்த வேண்டும். என் முதல் கோட்டில் நான் செய்யத் தவறியது இதைத்தான்.

கீழ் விளிம்பில் லைனிங் கோட்டின் ஓரத்துக்கு 2 முதல் 2.5 செ.மீ. மேலே முடியும். ஆனால் அதன் துணி அதைவிடக் கொஞ்சம் நீளமாகவே இருக்கும். மிச்சம் அந்தத் தொய்வு மடிப்பாகக் கீழே இறங்கி உட்காரும். கோட்டு தொங்கித் தொங்கி மேல் துணி சற்று இறங்கினாலும் லைனிங் அதைப் பிடித்து இழுக்காது. கையின் முனையிலும் இதே ஏற்பாடுதான்.

நல்ல பேட்டர்ன் வாங்கினால் இந்தக் கூடுதல்கள் எல்லாம் லைனிங்குக்கான தனித் தாள்களில் ஏற்கெனவே போட்டிருக்கும். முதல் கோட்டுக்கு அப்படிப்பட்ட பேட்டர்னையே எடுங்கள். லைனிங் இல்லாத பேட்டர்னில் நீங்களே லைனிங் சேர்க்க விரும்பினால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோட்டின் முன்பக்க ஓரத்தில் பட்டன் வரும் இடத்துக்கு உள்ளே மேல் துணியாலேயே ஒரு அகலமான பட்டி இருக்கும். லைனிங் அந்தப் பட்டியின் ஓரத்தில்தான் தொடங்குகிறது. அதனால் லைனிங்கின் முன்பக்கம் என்பது முழு முன்பக்கத்திலிருந்து பட்டியைக் கழித்தது. கழித்தபின் அந்த வெட்டு வரியின் இருபுறமும் தையலுக்குத் துணி விட மறந்துவிடக் கூடாது. பட்டியிலும் விட வேண்டும், லைனிங்கிலும் விட வேண்டும். ஒரு பக்கம் மறந்தால் கோட்டு அந்த அளவுக்கு ஒடுங்கிவிடும்.

எந்த வடிவம்

முதல் முறை என்றால் தோள் சற்று இறங்கிய வடிவமோ, கழுத்திலிருந்தே கை தொடங்கும் ராக்லன் வடிவமோ நல்லது. இரண்டிலும் கையைப் பொருத்துவது எளிது. காலரும் லேப்பலும் (மார்பில் வெளிப்பக்கமாக மடியும் முன்பகுதி) சேருமிடத்தில் வெட்டு விழும் சூட் காலரைத் தள்ளிப் போடுங்கள். அந்த ஒரு மூலையில் நான்கைந்து அடுக்குத் துணி வந்து சந்திக்கும். கெட்டியான கம்பளியில் அதைக் கூர்மையாகத் திருப்புவதற்குப் பழக்கம் வேண்டும். சாதாரணக் காலர் அல்லது காலரே இல்லாத கழுத்து, மேலே வைத்துத் தைக்கும் பாக்கெட், நேரான உடல். இவ்வளவு இருந்தாலே அழகான கோட்டு வரும்.

அளவு எடுக்கும்போது பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். "உள்ளே ஸ்வெட்டர் போடுவேனே" என்று நினைத்து ஒரு அளவு பெரிய பேட்டர்னை எடுத்துவிடுகிறார்கள். கோட்டு பேட்டர்னில் உள்ளே போடும் உடுப்புக்கான இடத்தைச் சேர்த்துத்தான் வரைந்திருப்பார்கள். உடலின் அளவுக்கும் உடுப்பின் அளவுக்கும் உள்ள இந்த வித்தியாசத்துக்கு ஈஸ் என்று பெயர். சட்டைக்கு மார்புச் சுற்றில் 8, 10 செ.மீ. இருந்தால் போதும். கோட்டுக்கு 15 முதல் 20 செ.மீ. சாதாரணம், தொளதொள வடிவத்தில் அதற்கு மேலும் போகும். ஆகவே வழக்கம்போல் உடலில் அளவெடுத்து, அட்டவணை சொல்லும் அளவையே எடுங்கள். சந்தேகம் இருந்தால் உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் பழைய கோட்டு ஒன்றைத் தரையில் பரப்பி, பட்டனைப் போட்டு, அக்குளுக்கு அக்குள் அளந்து இரண்டால் பெருக்குங்கள். பேட்டர்னில் 'முடிந்த உடுப்பின் அளவு' என்று கொடுத்திருப்பதோடு அதை ஒப்பிட்டால் போதும்.

மலிவுத் துணியில் ஒரு ஒத்திகை

இந்தக் கட்டத்தைத் தாண்டிப் போகத்தான் எல்லோருக்கும் ஆசை. தாண்ட வேண்டாம் என்று கெஞ்சியே கேட்பேன். கம்பளித் துணி விலை கூடியது, வெட்டினால் திரும்பாது. காடாத் துணியிலோ பழைய படுக்கை விரிப்பிலோ கோட்டை ஒருமுறை தைத்துப் பார்ப்பதற்கு ஒரு நாள் போதும். லைனிங் வேண்டாம், பட்டன் வேண்டாம், பாக்கெட் வேண்டாம். முன், பின், ஒரு கை, காலரின் ஒரு அடுக்கு. தையல் மெஷினில் இருப்பதிலேயே நீளமான தையலை வையுங்கள், பிரிக்க எளிது. துணி முடிந்தவரை கனமானதாக இருக்கட்டும். மெல்லிய துணியில் சரியாகத் தெரிகிற உடுப்பு கெட்டித் துணியில் இறுகிவிடும்.

குளிரில் என்ன போடுவீர்களோ அதைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் இதைப் போட்டுப் பாருங்கள். கண்ணாடி முன் சும்மா நிற்காதீர்கள். கையை முன்னால் நீட்டுங்கள், மேல் அலமாரியிலிருந்து எதையோ எடுப்பது போலத் தூக்குங்கள், நாற்காலியில் உட்காருங்கள், குனிந்து செருப்பு மாட்டுங்கள். முதுகில் குறுக்கே கோடு விழுந்தால் அங்கே அகலம் போதவில்லை. கையைத் தூக்கும்போது கோட்டு முழுவதும் கூடவே ஏறினால் ஆர்ம்ஹோல் மிகவும் கீழே இறங்கியிருக்கிறது. அதைப் பெரிதாக்கினால் சரியாகும் என்று தோன்றும், உண்மை நேர்மாறு. ஆர்ம்ஹோல் அக்குளுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் கை சுதந்திரமாக அசையும்.

பேனாவால் துணி மேலேயே குறித்து, மாற்றங்களைத் தாளுக்கு ஏற்றுங்கள். இங்கேதான் இரண்டு கோட்டு என்ற எண்ணம் மறுபடி வேலைக்கு வருகிறது. மேல் துணித் தாளில் நீளத்தை 3 செ.மீ. குறைத்தால் லைனிங் தாளிலும் குறைக்க வேண்டும். முன்பக்கத்தில் செய்தது முன்பட்டிக்கும் போக வேண்டும். ஒரு மாற்றம் எத்தனை தாள்களைத் தொடுகிறது என்று ஒரு காகிதத்தில் எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள்.

துணி வாங்கும் நேரம்

ஒத்திகை முடிந்த பிறகே துணி வாங்குங்கள். நீளமும் அகலமும் மாறியிருக்கலாம், பழைய கணக்கு செல்லாது. பொதுவாக 150 செ.மீ. அகலத் துணியில் முழங்கால் வரையிலான கோட்டுக்கு 2.5 முதல் 3 மீட்டர் வரை ஆகும். லைனிங்குக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. ஒரே திசையில் படியும் மயிர் கொண்ட துணி என்றால் எல்லாத் துண்டுகளையும் ஒரே பக்கம் பார்த்து வைக்க வேண்டும், கூடுதலாக வாங்குங்கள். கட்டம் போட்ட துணிக்கும் அப்படியே. முதல் கோட்டுக்குக் கட்டம் வேண்டாம் என்பது என் கருத்து.

மேல் துணிக்குக் கம்பளியே நல்லது, அல்லது கம்பளி அதிகமாகக் கலந்தது. வெப்பத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.  சூடும் ஈரமும் பட்டால் கம்பளி இழை இளகி நாம் அழுத்துகிற வடிவத்துக்கு வரும், ஆறியதும் அப்படியே நிற்கும். கையின் மேல் வளைவு பொதுவாக ஆர்ம்ஹோலைவிட 3, 4 செ.மீ. நீளமாக இருக்கும். அந்த மிச்சத்தைச் சுருக்கம் தெரியாமல் உள்ளே அடக்க வேண்டும். கம்பளியை நீராவியில் காட்டினால் சுருங்கி அடங்கிவிடும். பாலியஸ்டர் அடங்காது, சுருக்கமாகவே நிற்கும். புதியவர்களுக்கு விலை குறைந்த துணியைவிடக் கம்பளிதான் உண்மையில் எளிது.

கம்பளியிலும் மெல்ட்டன் என்ற வகை கைக்கு நன்றாகப் படியும். நெய்த பிறகு அடித்து அடர்த்தியாக்கிய துணி அது. வெட்டிய விளிம்பில் நூல் பிரியாது, காற்றையும் தடுக்கும். கெட்டியாக இருப்பதால் தையல் சேருமிடங்கள் புடைக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ட்வீட் என்ற சொரசொரப்பான கம்பளித் துணி தையல் கோணலை மறைத்துக்கொள்ளும், ஆனால் விளிம்பு பிரியும். 1879-இல் தாமஸ் பர்பெரி மழைக்கு ஈடுகொடுக்க உருவாக்கிய கபர்டீன் பார்க்க அழகு, தைக்கக் கடினம். அவ்வளவு நெருக்கமான நெசவில் கை வளைவு அடங்க மறுக்கும், பிரித்த தையலின் ஓட்டையும் இஸ்திரித் தடமும் தெரியும்.

லைனிங் துணியை எடுக்கும்போது கையை அதன் மேல் வழுக்கிப் பாருங்கள். கோட்டைப் போடும்போதும் கழற்றும்போதும் உள்ளே இருக்கும் சட்டைக் கை கூடவே சுருண்டு ஏறாமல் இருக்க அந்த வழவழப்பு வேண்டும். பருத்தி அழகாக இருக்கும், ஆனால் கைக்குள் பிடித்துக்கொள்ளும். பருத்திதான் வேண்டும் என்றால் உடல் பகுதிக்கு மட்டும் வைத்து, கைகளுக்கு வழவழப்பான துணி போடுங்கள். விஸ்கோஸ் வியர்வையை வாங்கிக்கொள்ளும், உடலுக்கு இதம், நனைந்தால் மட்டும் பலம் குறையும். பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சிலிருந்து செய்யும் குப்ரோ என்ற துணியும் அந்தக் குடும்பம்தான். என் கைக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அது. பாலியஸ்டர் நீண்டநாள் உழைக்கும், ஆனால் காற்றுப் போகாது, வறண்ட குளிரில் மின்னேற்றம் பிடித்து உடம்போடு ஒட்டும். எதை எடுத்தாலும் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது துணி ஒன்றும் உண்டு. கேன்வாஸ். காலர், முன்பக்கம், பாக்கெட் வாய், கீழ் மடிப்பு ஆகிய இடங்களில் மேல் துணிக்குப் பின்னால் இருந்து உருவத்தைத் தாங்குவது இதுதான். பழைய தையல் முறையில் ஆட்டு மயிரோ குதிரை மயிரோ கலந்த கேன்வாஸைக் கையால் நூற்றுக்கணக்கான சின்னத் தையல் போட்டுப் பிடிப்பார்கள். வீட்டில் தைப்பவர்களுக்கு இஸ்திரி வைத்தால் ஒட்டிக்கொள்ளும் வகை போதும். மேல் துணியைவிடக் கனம் குறைந்ததாக எடுங்கள். அதிகக் குளிருக்கான கோட்டு என்றால் லைனிங்குக்கும் மேல் துணிக்கும் நடுவே ஃபிளானல் போன்ற இன்னொரு அடுக்கும் வைக்கலாம். அந்தத் தடிமனை ஒத்திகையிலேயே கணக்கில் சேர்த்திருக்க வேண்டும். பின்னால் நினைத்துக்கொண்டு திணித்தால் கோட்டு இறுகும்.

பட்டன், நூல், ஊசி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேல் துணிக்கு 90/14 அல்லது 100/16 ஊசி, லைனிங்குக்கு 70/10 அல்லது 80/12. (90 என்றால் ஊசியின் தண்டு 0.9 மி.மீ. தடிமன்.) நல்ல பாலியஸ்டர் நூல். கோட்டுப் பட்டன் பெரிது, 25 மி.மீ. போலச் சாதாரணம். பட்டனை வாங்கிய பிறகு காஜாவின் அளவை முடிவு செய்யுங்கள்.

வெட்டுவதற்கு முந்தைய நாள்

துணி தைத்த பிறகு சுருங்கக் கூடாது, ஆகவே முன்பே சுருக்கிவிட வேண்டும். கம்பளியைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கசக்க வேண்டாம், கம்பளி இழையின் மேலிருக்கும் மிக நுண்ணிய செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி கட்டியாகிவிடும். மேலே ஈரத்துணி போட்டு, நீராவி இஸ்திரியைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வைத்து, முழு நீளமும் காட்டுங்கள். பிறகு தட்டையாகப் பரப்பி ஆறவிடுங்கள். லைனிங்கைத் துவைக்கலாம் என்றால் துவைத்துவிடுங்கள். இல்லையென்றால் அதற்கும் நீராவிதான்.

அப்புறம் மிச்சத் துண்டுகளில் சோதனை. உள்ளங்கை அளவில் மூன்று நான்கு துண்டு போதும். ஒன்றில் கேன்வாஸை ஒட்டி, ஆறியபின் மூலையைப் பிய்த்துப் பாருங்கள். ஒட்டும்போது இஸ்திரியை நகர்த்தாமல் 10 முதல் 15 விநாடி அழுத்தி, எடுத்ததும் துணியை அசைக்காமல் விட வேண்டும். பசை ஆறும்போதுதான் பிடிக்கிறது. இன்னொன்றில் தையல் நீளம். கெட்டித் துணிக்கு 3 மி.மீ. அல்லது சற்று மேலே, லைனிங்குக்கு 2 முதல் 2.5. மூன்றாவதில் மேல் துணி, கேன்வாஸ், முன்பட்டி எல்லாம் சேர்த்து ஒரு காஜா. உங்கள் மெஷின் அந்தத் தடிமனில் காஜா போடத் திணறுகிறது என்றால் இப்போதே தெரிய வேண்டும். அப்படியென்றால் பெரிய டிச் பட்டனுக்கு மாறலாம். கோட்டு முடிந்த பிறகு தெரிந்து பயனில்லை.

இஸ்திரியைத் தையலின் ஒரு பகுதியாகவே நினையுங்கள். ஒவ்வொரு தையலின் உள்விளிம்புகளையும் அடுத்த தையல் அதைக் கடக்கும் முன்பு இருபுறமும் விரித்து அழுத்திவிட வேண்டும். கெட்டித் துணியில் நீராவி கொடுத்த உடனே மேலே ஒரு வழவழப்பான மரக்கட்டையை வைத்து அழுத்தினால், மரம் ஈரத்தை உறிஞ்சித் தையலைத் தட்டையாக உட்கார வைக்கும். வளைவான இடங்களுக்கு ஒரு துண்டை இறுக்கிச் சுருட்டி வைத்துக்கொண்டாலும் வேலை நடக்கும்.

வெட்டும்போது

துணியின் கரைக்கு இணையாக, பாவு நூல் போகும் திசையில் தாளின் அம்புக்குறி நிற்க வேண்டும். இரு முனையிலும் கரையிலிருந்து அளந்து பார்த்து வையுங்கள். பாவு கோணினால் கோட்டின் முன்பக்கம் ஒரு பக்கமாகத் திரும்பித் தொங்கும், பிறகு எந்த இஸ்திரியும் அதை நேராக்காது.

கெட்டித் துணியை இரட்டையாக மடித்து வெட்டினால் மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் ஒரே அளவாக வராது. ஒற்றை அடுக்காகப் பரப்பி, குண்டூசிக்குப் பதில் கனமான பொருள்களைத் தாள் மேல் வைத்து வெட்டுங்கள். அப்படிச் செய்யும்போது இரண்டாவது துண்டுக்குத் தாளைக் கட்டாயம் புரட்டிப் போட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு இடது கை வந்துவிடும். காலரின் மேல் அடுக்கைக் கீழ் அடுக்கைவிட ஓரங்களில் 3 மி.மீ. அளவுக்குப் பெரிதாக வெட்டுங்கள், துணி மிகக் கெட்டி என்றால் இன்னும் கொஞ்சம். மடங்கும்போது வெளியே இருப்பது சுற்றிவர வேண்டிய தூரம் அதிகம்.

சாக் கோடு கம்பளியில் நிற்காது, எடுத்து வைப்பதற்குள் உதிர்ந்துவிடும். பாக்கெட் இடம், பட்டன் இடம், டார்ட் (உடலின் வளைவுக்காகத் துணியைக் கூராக மடித்துத் தைப்பது) முனை ஆகியவற்றுக்கு மாறுபட்ட நிற நூலைக் கோத்து, ஒவ்வொரு புள்ளியிலும் தளர்வாக ஒரு தையல் போட்டு வால் விட்டு நறுக்குங்கள். ஒவ்வொரு துண்டின் உள்பக்கத்திலும் அதன் பெயரை எழுதிய சீட்டைக் குத்தி வையுங்கள். லைனிங்கையும் சேர்த்தால் இருபது துண்டுக்கு மேல் வரும், முன்பட்டியும் பக்கத்துண்டும் தூரத்தில் ஒன்றுபோலவே தெரியும்.

லைனிங்கை மட்டும் இன்று வெட்ட வேண்டாம். மேல் கோட்டின் தோளையும் பக்கங்களையும் கையால் நீளத் தையலில் பிடித்து, கையை ஒட்டவைத்து, ஒருமுறை போட்டுப் பாருங்கள். கம்பளி காடாத் துணி மாதிரியே விழாது. பக்கத்தில் ஒரு செ.மீ. பிடிக்கவோ கை நீளத்தைக் குறைக்கவோ வேண்டியிருக்கும். அதை லைனிங் தாளிலும் ஏற்றிய பிறகு, வழுக்கும் அந்தத் துணிக்கு அடியில் பெரிய காகிதத்தை விரித்து, காகிதத்தோடு சேர்த்தே வெட்டுங்கள்.